ஆற்றுக்கு யார் சாட்சி

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிறவரைப் பார்த்தால் மனம் குளிர வேண்டும். எனக்குக் குளிர்வதில்லை. ஏன் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கைபேசியில் அடிக்கடி வந்துபோகும் காட்சிதான். மஞ்சள் நிறக் கயாக் ஒன்று, அதில் ஒருவர். தூண்டில் கம்பு வளைகிறது, நரம்பு விண்ணென்று இழுபடுகிறது, கலங்கிய நீரிலிருந்து பெரிய கெண்டை ஒன்று புரண்டு மேலே வருகிறது. இரண்டு கையாலும் ஏந்திப் படம் எடுத்துக்கொள்கிறார். பிறகு அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, செவுள் சீராகத் திறந்து மூடும்வரை காத்திருந்து கையைத் தளர்த்துகிறார். ஒரே வீச்சில் மீன் மறைந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் இரவு, ஆற்று மணலில் கூடாரம், விறகுத் தீ, சிரிப்பு. இத்தனைக்கும் பின்னால் இன்னொரு மனிதர் இருக்கிறார். மடு எங்கே, எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் ஒதுங்கும், எப்போது கரையேற வேண்டும் என்றெல்லாம் சொன்னவர் அவர்தான். படத்தில் அவர் வருவதில்லை. எப்போதாவது துடுப்பு பிடித்த கை மட்டும் ஓரத்தில் தெரியும். மீனைவிட, மீனைப் பிடித்தவரைவிட, அந்தக் கைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

குற்றாலத்தில் ஒவ்வொரு சாரலிலும் யாராவது ஒருவர் என்னிடம் இதைச் சொல்லிவிடுகிறார்: நம் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்கலாமே, மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, வருகிற கூட்டத்துக்கும் குறைவில்லை. ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைக் குளத்தில் சாரல் காலத்தில் ஓடும் மிதிபடகுகளைக் காட்டி, அதைக் கொஞ்சம் ஆற்றுக்கு நகர்த்தினால் போதும் என்பார்கள். கேட்கும்போது சரி என்றுகூடத் தோன்றும். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஆறு வேறு மாதிரி நினைவுக்கு வரும். சிற்றாறு திரிகூட மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அந்தக் குறைந்த தூரத்துக்குள் 15-க்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கால்வாய் பிரிந்து, குளம் குளமாக நிறைத்துக்கொண்டு போகிறது. மேலே பாறையும் பள்ளமும். கீழே வந்தால் அணைக்கட்டுக்கும் அணைக்கட்டுக்கும் நடுவே கொஞ்சம் நீர். கோடையில் அதுவும் குட்டை குட்டையாக நின்றுவிடும். துடுப்புப் போட்டு மைல் கணக்கில் போவதற்கான ஆறு அல்ல இது. வயலுக்குப் போகிற வழியில்தான் இது ஆறாக இருக்கிறது. இந்த ஊரில் காலையில் பத்திரிகையைப் பிரிக்கிறவர்களில் பலர் முதலில் பார்ப்பது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். கடனா 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, அடவிநயினார் 132, குண்டாறு 36 என்று முழுக் கொள்ளளவு மட்டங்கள் மனப்பாடமாக இருக்கும். இருப்பதில் சிறியதான குண்டாறு நிறைந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் செங்கோட்டைப் பக்கத்து முகங்களில் ஒரு தெளிச்சி வரும். நீரைப் பற்றிய அக்கறை எங்களிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அக்கறை அடிக்கணக்கோடு நின்றுவிட்டதோ என்பது என் சந்தேகம். எவ்வளவு நீர் என்பது தெரியும். அந்த நீருக்குள் என்ன இருக்கிறது, இப்போது அது என்ன செய்யப்போகிறது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை இந்த ஊர்க்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாரல் இன்னும் தொடங்கவில்லை, கோடை மழைதான். அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் நொடிப்பொழுதில் காட்டாற்று வெள்ளம் வந்தது. படிக்கட்டுகளில் ஆட்கள் அலறிக்கொண்டு ஏறுகிற காட்சியை நாடே பார்த்தது. 17 வயதுப் பையன் ஒருவன் வெள்ளத்தோடு போய்விட்டான். அதன்பிறகு எச்சரிக்கைக் கருவி, தடுப்பு, அருவி யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற விவாதம் எல்லாம் வந்தன. வரவேண்டியவைதான். எனக்கு மட்டும் ஒரு கேள்வி தீரவில்லை. அந்த மதியத்தில் மலையை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே உச்சியில் மேகம் இறங்கிக் கொட்டும், அது அருவிக்கு வந்து சேரச் சற்று நேரமாகும், அந்தச் சற்று நேரம்தான் உயிர் என்பது இங்கே ஒருகாலத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த பாடம். வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு அது தெரிய நியாயமில்லை. தெரிந்தவர் ஒருவர் அவர்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டதும் காவலர் விசில் ஊதுகிறார், கூட்டம் விலகுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வளைவை நீர் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிற மாற்றங்களைப் படிக்கிறவர்களுக்கு நாம் எந்த வேலையும் கொடுக்கவில்லை.

தென்காசி யானைப்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி அப்படி ஒருவரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். மூங்கில் கம்பு, வெள்ளை நரம்பு, செருப்பு ரப்பரில் அறுத்தெடுத்த தக்கை, பக்கத்தில் மைதா உருண்டை வைத்த டப்பா. முள்ளில் மாவைக் குத்தும்போது முனை வெளியே தெரியாதபடி கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, அதன் மேல் லேசாக எச்சில் தொட்டு வைத்தார். தக்கை இரண்டு முறை நுனி தாழ்ந்தபோது அசையாமல் இருந்தவர், மூன்றாம் முறை பக்கவாட்டில் நகர்ந்ததும் மணிக்கட்டை மட்டும் சுண்டினார். உள்ளங்கை அளவில் ஒரு மீன். “என்ன அண்ணாச்சி, கெண்டையா?” என்றேன். “கெண்டைக்கு எங்க போவ தம்பி. ஜிலேபிதான். போட்டவொடனே கவ்வுது. நாங்க சின்னப் பிள்ளைல பாத்த மீனுல பாதிக்குப் பேருகூட மறந்துட்டு பாத்துக்கிடுங்க” என்றார். வெள்ளம் வருவது எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மொதல்ல வாசம் மாறும். மக்குன எல வாசம். பொறவு தக்கை ஒரு இடத்துல நிக்காது. சருகு மெதந்து வந்துட்டுன்னா யோசிக்கவே கூடாது, கம்பச் சுருட்டிட்டு ஏறிரணும்.” சொல்லிவிட்டு, பிடித்ததைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டார். அந்த வாளியில் கிடந்தது இரவுக் குழம்பு. அவர் எதையும் ஆற்றில் திரும்ப விடப்போவதில்லை. அவரைப் பார்த்தபோது காணொளியில் மீனை விடுகிறவர்மேல் வந்த அந்தச் சங்கடம் எனக்கு வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. பாதி மீனுக்குப் பேர் மறந்துவிட்டது. அவருக்கே மறந்துவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

இந்த இடத்தில்தான் காவிரி நினைவுக்கு வருகிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகக் கரையில், பீமேசுவரி, கலிபோரே, தொட்டமாகளி என்ற இடங்களில் மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கும் முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. 1873இல் சென்னை மாகாண அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1946இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்து ஒருவர் கபினியில் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. இதையெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த மானசோல்லாசம் அரசர் விளையாட்டுகளில் ஒன்றாகத் தூண்டில் போடுவதைச் சேர்த்து, மீன் வகை, இரை வகை எல்லாம் சொல்கிறது. காவிரி முகாம்களில் பரிசல்காரர்கள்தான் வழிகாட்டிகள். கேழ்வரகு மாவை வேகவைத்து இறுக்கி உருட்டிய உருண்டைதான் இரை. மீன் இழுக்கிற பக்கமெல்லாம் பரிசலைச் சுற்றவிட்டுப் பின்தொடர்வார்கள். பிடித்ததை எடைபோட்டு, ஏட்டில் எழுதி, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. அந்த ஏடுதான் இந்தக் கதையில் முக்கியம்.

கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துப் படித்தார்கள். 20,000 மணி நேரத்துக்கும் மேல் தூண்டில் போட்டதில் கிடைத்த 6,000-க்கும் மேற்பட்ட மஹசீர்களின் கணக்கு அது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி. வருடம் போகப்போக மீன் அதிகமாகச் சிக்கியிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் சிக்கியதில் பெரும்பாலானவை நீலத் துடுப்பு மஹசீர். அது காவிரியின் மீன் அல்ல. லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தின் குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போனதைப் போல இங்கும் வந்து சேர்ந்து பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மஹசீர், உலகத்தையே அந்த ஆற்றுக்கு வரவழைத்த அந்தப் பெரிய மீன், பதிவேட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிருந்தது. இத்தனைக்கும் அந்த மீனுக்கு அப்போது ஒழுங்கான அறிவியல் பெயர்கூட இல்லை. கேரளத்துப் பாம்பாற்றில், அதாவது நம் அமராவதிக்கு வந்து சேருகிற ஆற்றில், 2007இல் விவரிக்கப்பட்ட மீனும் அதுவும் ஒன்றே என்று 2018இல்தான் முடிவானது. அதே ஆண்டு அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. முகாம்கள் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. அவை இருந்த வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து எடுத்த முடிவு அது. முகாம் போனால் வெடி வைத்து மீன் பிடிக்கிறவர்கள் திரும்பி வருவார்கள், பரிசல்காரர்களின் கண்தான் ஆற்றுக்குக் காவலாக இருந்தது என்று முகாம்காரர்கள் வாதிட்டார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றிருக்கிறேன். விளையாட்டுக்குத் தூண்டில் போட்டவர்கள் எழுதிவைக்காமல் போயிருந்தால், ஒரு மீன் நம் கண்ணெதிரில் மறைந்ததற்குக் கணக்கே இருந்திருக்காது. அது பெரிய காரியம். ஆனால் அந்த ஏட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு மீனின் வாயில் ஏறிய முள். பசிக்காகப் பிடித்தவரிடம் மீன் ஒரு முறை சாகும். மகிழ்ச்சிக்காகப் பிடிக்கிறவர் அதே மீனைப் பல முறை சாவின் விளிம்புவரை கொண்டுபோய்த் திருப்பி அனுப்புகிறார், அதைக் கருணை என்று நம்பவும் செய்கிறார். கையில் ஒட்டிய வழுவழுப்பு மீனின் மேற்காப்பு. காய்ந்த கையால் தூக்கினாலே அது உரிந்துவிடும் என்பதைத் தூண்டில்காரர்களே சொல்வார்கள். இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. ஆற்றில் பிடிக்கப் பெரிய மீன் வேண்டும் என்ற ஆசைதான் வெளி மீனை வரவேற்றது. குஞ்சு விட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல, ஆற்றை நிறைக்கிறோம் என்று நம்பியவர்கள். விளையாட வருகிறவர் தன் விளையாட்டுக்கு ஏற்றபடி ஆற்றை மாற்றிக்கொள்வார். என் சங்கடத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கயாக்கும் கூடாரமும் இங்கு வந்தால், சிற்றாற்றுக்குள் கயாக் இறங்குவதோடு நிற்காது. கயாக்குக்கு ஏற்ற சிற்றாற்றைச் செய்யத் தொடங்குவோம்.

செய்ய மாட்டோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஏனென்றால் ஏற்கெனவே செய்திருக்கிறோம். தென்காசி மாவட்டத்து மலையடிவாரத்தில் ஓடைகளின் இயற்கையான போக்கைத் திருப்பி, தங்கும் விடுதிகளுக்குள் சொந்தமாக அருவி அமைத்துக்கொண்ட கதை 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போனது. அப்படிப்பட்டவற்றை ஆராய்ந்து மூடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. யார் வந்து நின்றாலும் தலையில் விழுகிற நீர், அறை வாடகை கொடுத்தவருக்கு மட்டும் விழும் நீராகிவிடுகிறது. இந்த அடிவாரத்துக்கு மேலே இருக்கிற காடு 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே செண்பகாதேவி அருவிக்கு மேலேயோ தேனருவிப் பக்கமோ இரவு கூடாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்லதுதான். யானையும் மிளாவும் நீருக்கு இறங்கி வருகிற நேரம் இரவு. அந்த நேரத்தில் அங்கே விறகுத் தீயும் பாட்டும் எதற்கு?

அப்படியானால் மீனைத் தொடாமலே இருப்பதுதான் மரியாதையா என்று கேட்டுக்கொண்டேன். பாபநாசம் கோயில் படித்துறையில் கூட்டம் கூட்டமாகக் கெண்டைகள் திரிகின்றன. யாரும் பிடிப்பதில்லை, பொரி வாங்கிப் போடுகிறோம், அவை வாய் பிளந்து மேலே வருவதைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். பல தலைமுறையாகக் காத்துவந்த அழகான வழக்கம் இது. அதே படித்துறையில்தான், பாவம் தீர்வதற்காக உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுப் போகிறோம். தன்னார்வலர்கள் இறங்கி ஈரத்துணியை டன் கணக்கில் இழுத்துக் கரையில் போட்டும் தீரவில்லை. மீனைக் கும்பிடுகிற அதே கை மீன் வாழும் இடத்தை அடைக்கிறது. கும்பிடுவதிலும் பார்ப்பது இல்லாமல் போய்விடலாம் போலும். நம் ஊரின் பெயரைத் தமிழுக்குள் நிலைநிறுத்திய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்கிறவன்தான். எந்தப் பறவை எங்கே மேயும், எந்தக் குளத்தில், எந்தப் பற்றில் இறங்கும் என்று அவன் அடுக்குகிற அந்தப் பகுதியைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது, கண்ணி வைக்கிறவனுக்குத்தான் இத்தனை பெயர் தெரிந்திருக்கிறது என்பதுதான். திரிகூடராசப்பக் கவிராயருக்கு அது தெரிந்திருந்தது, கேட்டவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதி யாருக்கும் சுவைத்திருக்காது. இன்றைக்குக் குளங்கள் மீன்பாசி ஏலத்துக்குப் போகின்றன. ஏலம் எடுத்தவர் ரோகு, கட்லா என்று குஞ்சு வாங்கி விடுகிறார். ஏலத் தொகையை எடுக்க அவருக்கு வேறு வழியும் இல்லை. பெருமழையில் குளம் மறுகால் பாய்ந்தால் அவையும் ஆற்றுக்குப் போய்விடும். தாமிரபரணியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு கெண்டை உண்டு. ஈ.ஜி. சைலஸ் 1954இல் விவரித்தது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டு பின்னால் அலையும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் வெளிநாடுகளில்கூட அதைத் தேடி வாங்குகிறார்கள். உலகப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். இந்த ஆற்று நீரைக் குடித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருப்போம்?

ஆகவே என் முடிவு இப்போதைக்கு இது. சிற்றாற்றில் கயாக் வேண்டாம். கரையில் கூடாரமும் வேண்டாம். குளத்துக்கும் வயலுக்கும் கொடுத்தது போக இந்த ஆற்றிடம் நம் விளையாட்டுக்குக் கொடுக்க அவ்வளவு மிச்சமில்லை. ஆனால் காவிரி முகாம்களிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும்: பரிசல்காரரின் கண், அந்த ஏடு. கண் இங்கேயே இருக்கிறது. எந்த அணைக்கட்டுக்குப் போனாலும் மாலையில் நாலு பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். தேதி, நீர்மட்டம், நீரின் நிறம், என்ன மீன், எத்தனை என்று அவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும். யாருடைய வாயிலும் புதிதாக ஒரு முள்ளும் ஏற வேண்டியதில்லை, குழம்புக்குப் போகிற மீனையே எண்ணினால் போதும். மழைக்காலத்தில் அவர்களையே அருவிக்கரையில் கூலி கொடுத்து நிறுத்தலாம். வாசம் மாறியது என்று அவர்கள் சொன்னால் கூட்டத்தை ஏற்றிவிடலாம். மலையோடைகளின் மீன்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பல்கலைக்கழக மையம் இதே மாவட்டத்தில் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், சொல்லத் தெரிந்தவர்கள் ஆற்றங்கரையில் இருக்கிறார்கள், சொல்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், அடுத்த சாரல் தொடங்குவதற்குள் உங்கள் ஊர் அணைக்கட்டுக்கு நாலு பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூட்டிப் போங்கள். அங்கே இருப்பவரிடம் மீன்களின் பெயரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.